நாலு பேர் சாப்பிட்ட சஹன்

அத்தியாயம் – 6

கையில் சுலைமானி டீ டம்ளரோடு மீரான் மாமா பக்கவாட்டில் சாய்ந்தபோது உண்ட மயக்கம் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்குக் காடை வேலையைக் காட்டிவிட்டது என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்பவும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

டம்ளர் உருண்டது. நஸீபா ஓடிவந்து அவர் தலையைத் தாங்கினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள், நாடி பிடித்தாள், காதோரம் குனிந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சும்மா பயப்படுகிற பெண் இல்லை. அவள் முகமே வெளுத்துவிட்டது.

"மூச்சு மெதுவாப் போவுது. இது தூக்கம் இல்ல" என்றாள்.

அவள் புருஷன் ஆசிப் வாசல் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் காரில் தாண்டி வந்த தரைப்பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. பின்பக்கம் மலை, முன்பக்கம் ஓடை. மணி ஆறரைகூட ஆகவில்லை. ஐப்பசி மழை எங்களை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுஹைப். அகிலாண்டேஸ்வரி துப்பறியும் நிறுவனம் என்று தென்காசியில் ஒரு போர்டு தொங்குகிறதே, அதில் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அகிலாண்டேஸ்வரி மேடம். இருபது வருஷம் போலீஸில் இருந்து, சப்-இன்ஸ்பெக்டராகவே விருப்ப ஓய்வு வாங்கியவர். இன்னொருவன் நான். டிரைவர், கிளார்க், மேடம் யோசிக்கும்போது வாய் பேசித் திட்டு வாங்குகிறவன், எல்லாம் நான்தான்.

பழைய குற்றாலம் போகிற வழியில் ஓடையைத் தாண்டி ஆசிப் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தான். கத்தாரில் பன்னிரண்டு வருஷம் ஹோட்டலில் வேலை பார்த்தவன். பரோட்டாவும் பெப்பர் சிக்கனும் குற்றாலத்தில் எல்லாரும்தான் போடுகிறார்கள், நான் வேறு போடுகிறேன் பார் என்று கிளம்பி, மாதம் ஒருமுறை ஒரு விசேஷ விருந்து வைத்தான். பேரே 'துணிஞ்சவன் விருந்து'. செவ்வெறும்புச் சட்னி, நத்தை சூப்பு, கடைசியில் நெய்ச்சோற்றின் மேல் வறுத்த ஈசலைப் பொடித்துத் தூவி அதன்மேல் காடை. ஒத்துக்கொள்ளாதவன் வாசலோடு போய்விடலாம் என்று போர்டே வைத்திருந்தான்.

இரண்டு வாரமாக யாரோ கடைக்குக் குடைச்சல் கொடுத்தார்கள். கேஸ் டியூபை அறுத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் செத்த எலி கிடந்தது. இன்றைய விருந்தில் ஏதாவது நடக்கும் என்று பயந்துதான் ஆசிப் எங்களைக் கூப்பிட்டிருந்தான். மழைக்குப் பயந்து மற்றவர்கள் யாரும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தது நாலே பேர். மீரான் மாமா எங்கள் தெருக்காரர், வயதில் மூத்தவர். ஆவுடைநாயகம் அண்ணாச்சி, இந்த இடத்துக்குச் சொந்தக்காரர், இன்றைய முக்கிய விருந்தாளி. அவர் மகன் உமாசங்கர், இன்ஜினியர். நாலாவது நான்.

மேடம் சுத்த சைவம். துணிஞ்சவன் விருந்துக்கு வந்து மூலையில் தனியாக உட்கார்ந்து தயிர்சோறும் நார்த்தங்காயும் சாப்பிட்ட ஒரே பிறவி அவர்தான்.

அண்ணாச்சியும் மாமாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மாமா இரண்டு வருஷம் பெரியவர். ஒரே வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்ததால் கிடைத்த சிநேகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த இடத்தை முப்பது வருஷக் குத்தகைக்கு ஆசிப்புக்குக் கொடுக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் பேசி முடித்ததும் மாமாதான். நாளைக் காலை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு.

ஐந்து மணிக்கே செல்போன் டவர் போய்விட்டது. ஹாலில் மேஜைமேல் இருந்த லேண்ட்லைன்தான் உயிரோடு இருந்தது. நஸீபா அதில் அவளுடைய ஆஸ்பத்திரி மீனா டாக்டரைப் பிடித்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள். தீயணைப்பு ஆட்கள் ஓடைக்கு அந்தக் கரைக்கு வருவார்கள். இந்த வேகத்தில் ஆளைக் கடத்த முடியாது. கயிறு எறிந்து ஒரு பையை அனுப்பலாம். பைக்குள் எந்த மருந்தை வைப்பது என்பதுதான் கேள்வி. பூச்சி ஒத்துக்கொள்ளாமல் விழுந்திருந்தால் ஒரு ஊசி. யாராவது எதையாவது கலந்து கொடுத்திருந்தால் அது என்ன என்று பேர் தெரிய வேண்டும். தெரியாமல் மாற்றிக் குத்தினால் தாங்காது. போன வருஷம்தான் மாமாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. அரைமணி, அதிகம் போனால் முக்கால் மணி நேரம், அதற்குமேல் மூச்சு இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

உமாசங்கர் குதித்தான். பூச்சியையும் புழுவையும் போட்டு மனுஷனைச் சாகடிக்கப் பார்க்கிறாயா என்று ஆசிப்பின் சட்டையைப் பிடித்தான். எங்க அப்பாவும் இதைத்தானே சாப்பிட்டார், அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கத்தினான். பன்னிரண்டு வருஷச் சம்பாத்தியம் ஆசிப்பின் கண் முன்னால் தரையில் கிடந்தது. நான் குறுக்கே போய் உமாசங்கரின் கையை எடுத்துவிட்டேன்.

மேடம் இது எதையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பிட்ட தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

அது சஹன். எங்கள் கல்யாணப் பந்தியில் வருகிற பெரிய வட்டத் தட்டு. தரையில் விரிப்பைப் போட்டு நடுவில் சஹனை வைத்தால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஒரே தட்டுதான், ஆனால் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். குறுக்கே கை நீட்டினால் வீட்டில் அடி விழும். அண்ணாச்சிக்கும் உமாசங்கருக்கும் இது முதல் சஹன். மாமாதான் சொல்லிக்கொடுத்தார்.

"ஈசல் ஒத்துக்கலைன்னு வைப்போம்" என்றார் மேடம் என்னிடம், தாழ்ந்த குரலில். "மீரான் பாய் சின்ன வயசுல விளக்கு வச்சு ஈசல் பிடிச்ச கதையைச் சாப்பிடும்போது சொன்னாரே, கேட்டியா?"

கேட்டேன். வருஷா வருஷம் முதல் மழைக்கு ஒரு படி ஈசல் வறுத்துத் தின்றவருக்கு இன்றைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? நத்தையும் சட்னியும் எல்லாருக்கும் ஒரே சட்டியில் இருந்து வந்தது. அப்படியானால் சஹனில், அதுவும் அவர் சாப்பிட்ட பக்கத்தில் மட்டும்.

"சாப்பாடு வச்ச பிறகு யாராவது எதையாவது தூவுனாங்களா, ஊத்துனாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யாரும் இல்ல மேடம். அவங்கவங்க முன்னால இருந்ததை அவங்கவங்க சாப்பிட்டோம். தட்டுல வேற கை படல."

சத்தியமாக அப்படித்தான் நம்பிச் சொன்னேன்.

மேடம் சஹனைச் சுற்றி நடந்தார். மாமா பக்கம், ஒரு கால் தவிர, முழுக் காடையின் எலும்பு. என் பக்கம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது, சொல்லவே வெட்கம். அண்ணாச்சி பக்கம் முக்கால்வாசிச் சோறு போயிருந்தது, மீதி ஒரு சின்னக் குவியலாக. உமாசங்கர் பக்கம் அப்படியே இருந்தது, விரல் தடம்கூட இல்லை. அவன் என்ன சாப்பாட்டுக்குக் கூச்சப்பட்டவனா? நத்தை சூப்பை இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தவன், சஹனில் கைவைக்கும் நேரத்தில் போதும் என்று கையை எடுத்துவிட்டான். வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மேடம் சஹனின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். புள்ளி புள்ளியாக ஒரு பேர் தெரிந்தது. 'நஸீபா'. அவள் கல்யாணத்துக்கு அவள் உம்மா கொடுத்த சஹன். பாத்திரக் கடையில் பேர் வெட்டித்தானே கொடுப்பார்கள். பேர் வெட்டிய இடம் மாமா உட்கார்ந்திருந்த திண்டுக்கு நேராக இருந்தது.

பரிமாறிய மாரிராஜைக் கூப்பிட்டார். ஆலங்குளத்துக்காரர், நாற்பது வயசு, பயத்தில் துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே வந்தார். சஹனை எப்படி வைத்தாய் என்று கேட்டதற்கு அவர் திணறவே இல்லை.

"பேரு அண்ணாச்சிக்கு நேரா இருக்கும்படி வச்சேன்மா. எப்பவும் அப்படித்தான். முழுக் காடையைப் பேருக்கு நேரா வச்சுத்தான் ஆசிப் அண்ணன் தருவாரு. பேரு இருக்க பக்கம் பெரிய விருந்தாளிக்குப் போவணும், அது கணக்கு."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

அடப்பாவி. திருப்பியது நான்தான்.

எப்படிச் சொல்வேன்? எங்கள் வீட்டில் சஹனில் உட்கார்ந்தால், இருப்பதில் சின்னவன் நல்ல துண்டு பெரியவருக்கு நேராக வரும்படி சஹனை லேசாகத் திருப்பிவிடுவான். சொல்லிவிட்டுச் செய்வதில்லை. சாப்பிடுமுன் பிஸ்மி சொல்லுகிற நேரத்தில் விளிம்பில் இரண்டு விரல் வைத்துத் தள்ளுவோம், முடிந்தது. அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெருவின் மூத்தவர். அவர் முன்னால் வெறும் சோறு இருக்க, அவரைவிட இளையவர் முன்னால் முழுக் காடை இருப்பது என் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. அரைவட்டம் திருப்பினேன். அண்ணாச்சி அப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரும்போது வேட்டியைச் சரிசெய்வதை யாராவது கணக்கில் வைப்பார்களா? அப்படித்தான் இதையும் நான் கணக்கில் வைக்கவில்லை.

நடந்ததை மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மாமாவுக்கு மரியாதை செய்கிறேன் என்று விஷத்தை நானே அவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் எனக்குப் பேர் வைத்தவர்.

"அழுவறதுக்கு நேரம் இல்லலே" என்றார் மேடம். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சஹனை வச்சதுக்கும் நீங்க உக்காந்ததுக்கும் நடுவுல யார் எங்கன இருந்தீங்க?"

ஐந்தரை மணி இருக்கும், நாங்கள் வெளி வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தோம். மாரிராஜ் சஹனை வைத்துவிட்டு எங்களுக்குத் துண்டு எடுத்துக்கொடுக்க வந்தார். ஆசிப்பும் நஸீபாவும் அடுப்படியில், தயிர்சோறு வாங்கப் போன மேடமும் அங்கேதான். உமாசங்கர் மட்டும் செல்போனைக் காதில் வைத்தபடி, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று ஹாலிலேயே நின்றான். இதைச் சொன்னேன். மேடம் ம் என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கரையில் விசில் சத்தம் கேட்டது. தீயணைப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். டார்ச் வெளிச்சம் மழைக்குள் ஆடியது. போன் அடித்தது, பைக்குள் எதை வைக்கட்டும் என்று டாக்டர் மறுபடி கேட்டார். இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள் என்று நஸீபா கெஞ்சினாள். மாமாவின் உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

மேடம் அண்ணாச்சியை மட்டும் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நிமிஷம் இருக்கும். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வந்த அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேடம் ஹால் நடுவில் நின்று பேசினார். காடையோடு சேர்த்து ஏதோ கலந்திருக்கிறது. அது மீரான் பாய்க்கு வைத்தது இல்லை, அண்ணாச்சிக்கு வைத்தது. பழக்க தோஷத்தில் சுஹைப் சஹனைத் திருப்பியதால் ஆள் மாறிவிட்டது. யார் செய்தது என்று இப்போது கேட்கவில்லை. கலந்தது என்ன என்று பேரை மட்டும் சொன்னால் போதும், ஓர் உயிர் பிழைக்கும்.

ஆசிப் நஸீபாவைப் பார்த்தான், நஸீபா என்னைப் பார்த்தாள். உமாசங்கர் தரையைப் பார்த்தான். எனக்கு எல்லாரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. அதைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தர் எங்களோடு அதே காற்றை மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். வெளியே போகவும் வழியில்லை. அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"பாய் காடையில ஒரு காலைப் பிச்சு அண்ணாச்சி பக்கம் வச்சாரா?"

"வச்சார் மேடம்." இது பொய் இல்லை. நல்லதைத் தனியாகச் சாப்பிட மாட்டார் மாமா. காலைப் பிய்த்து, ஈசல் பொடியில் நன்றாகப் புரட்டி, அண்ணாச்சி முன்னால் வைத்து, துணிஞ்சவனா இருந்தா தின்னுவே என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தண்ணீர் கேட்டார். மாரிராஜ் கொடுத்த சொம்பைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டார். ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. தூணோடு சரிந்து, அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். நான் பாய்ந்து தலையைப் பிடித்தேன். கண் மூடிவிட்டது.

"அப்பா!"

உமாசங்கர் வந்து விழுந்த வேகத்தில் என்னைத் தள்ளிவிட்டான். அவர் கன்னத்தைத் தட்டினான், சட்டையைப் பிடித்து உலுக்கினான். நஸீபாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாத்திரை சிஸ்டர். அப்பாவோட தூக்க மாத்திரை. ஒரு அட்டை முழுசையும் பொடிச்சுக் காடையைச் சுத்தித் தூவுனேன். டாக்டர்ட்ட சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க. எங்க அப்பாவைக் காப்பாத்துங்க."

மாத்திரையின் பேரையும் அவனே சொன்னான். நஸீபா ரிசீவரைக் கையில் தயாராக வைத்திருந்தாள். பேரை இரண்டு தடவை போனில் சொன்னாள். ஆசிப்பும் மாரிராஜும் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினார்கள். மூன்றாவது எறியில் கயிறு கைக்கு வந்தது. பை தண்ணீருக்கு மேலே ஆடி ஆடி வந்து சேர்ந்தது. டாக்டர் போனில் சொல்லச் சொல்ல நஸீபா மாமாவின் கையில் நரம்பைத் தேடி ஊசியைப் போட்டாள். ஆசிப் அவர் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே ஓதினான். நானும் ஓதினேன். நினைவில் இருந்ததையெல்லாம் ஓதினேன்.

அண்ணாச்சிக்கு ஏன் ஊசி போடவில்லை என்று உமாசங்கர் கத்திக்கொண்டே இருந்தான். நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மூடியிருந்த இரண்டு கண்ணில் இருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போதும் அண்ணாச்சி, எந்திரிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார். திறந்தவர் மகனைப் பார்க்கவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்தக் காடைக் காலை அண்ணாச்சி சாப்பிடவே இல்லை. எறும்புச் சட்னிவரைக்கும் தைரியமாக வந்தவர், ஈசலைக் கண்டதும் அரண்டுபோய், அதை ஒதுக்கிவிட்டு அடிச்சோற்றை மட்டும் சாப்பிட்டு, சிநேகிதன் சிரிப்பானே என்று காலைச் சோற்றுக்கு அடியில் புதைத்துவிட்டார். அந்தச் சின்னக் குவியலைக் கிளறிக் கடிபடாத காலை மேடம் பார்த்திருக்கிறார். அடுப்படியில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மீரான் பாய்க்காக விழ வேண்டும், நான் சொல்கிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, முடியுமா என்று. யாரைச் சந்தேகப்படுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. யாருடைய வாயில் இருந்து அந்தப் பேர் வரப்போகிறது என்று தெரியாமலேதான் தரையில் விழுந்தார்.

மேடம் என்னிடம் மூன்றே வரியில் முடித்தார். ஐந்து மணிக்கே டவர் போன இடத்தில் ஒருத்தன் ஐந்தரை மணிக்குச் செல்போனில் பேசினான். முழுப் பசியோடு வந்தவன் சஹன் திரும்பியதைப் பார்த்ததும் கையை எடுத்தான். திரும்பியது உனக்கே நினைவில்லை சுஹைபு, அவனுக்கு மட்டும் நினைவு இருந்தது.

உமாசங்கர் சுவரோரம் உட்கார்ந்து தானாகவே பேசினான். இந்த இடத்தில் காட்டேஜ் கட்ட அவன் பிளான் போட்டு வைத்திருந்தானாம். அப்பா கேட்காமல் ஆசிப்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். டியூபை அறுத்தது, எலியைப் போட்டது எல்லாம் அவன்தான். அப்பா தினமும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர், பழகிய உடம்பு, இரண்டு நாள் தூங்குவார், பத்திரப் பதிவு நின்றுபோகும், பழி பூச்சிச் சாப்பாட்டின்மேல் விழும். அவ்வளவுதான் கணக்கு. கொல்ல நினைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மாமா விழுந்ததும் பயந்துவிட்டேன் என்றான்.

எட்டு மணி வாக்கில் மாமா இருமினார். கண்ணைத் திறந்து நஸீபாவை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு தெரிந்துகொண்டு தண்ணீர் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சஹனைத் திருப்பியது நான்தான் மாமா என்று சொன்னேன். அவருக்கு எதுவும் புரியவில்லை. நல்ல காடைலே என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அண்ணாச்சி எழுந்து வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். உமாசங்கர் தவழ்ந்தது போல வந்து அவர் காலைத் தொட்டான்.

"நீங்க விழுந்ததும் நான் சொல்லிட்டேன்லாப்பா. உங்களுக்காகத்தானே சொன்னேன்."

"ஆமா" என்றார் அண்ணாச்சி. "இவன் இங்கன முக்கா மணி நேரமாக் கெடந்தான். அப்போ நீ சொல்லல."

காலை இழுத்துக்கொண்டார். தண்ணீர் வடிய விடிந்துவிடும் என்று தீயணைப்பு ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் இந்த ஒரே ஹாலில்தான் எல்லாரும் இருக்க வேண்டும். உமாசங்கரைக் கட்டிவைக்கட்டுமா என்று மாரிராஜ் கேட்டார். எங்கன போவான் என்றார் மேடம்.

போன் அடித்தது. அந்தக் கரையில் இருந்து போலீஸ். மேடம் எடுத்துப் பேசினார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார், ஆள் இங்கேதான் இருக்கிறான் என்றார். பேரைக் கேட்டார்கள் போல. இருபது வருஷம் இதே கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்ட மேடம், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணாச்சி எழுந்து போய் ரிசீவரை வாங்கினார்.

"பேரு உமாசங்கர்" என்றார். அந்தப் பக்கம் இன்னொன்று கேட்டார்கள். "தகப்பன் பேரு ஆவுடைநாயகம். ஆமா, நாந்தான் பேசுதேன்."